‘அவ ஏன் அத்தனை வருஷம் அங்கேயே இருந்தா?’

வாசகர் கேள்வி:

மதுரை கே.கே. நகர்ப் பக்கம் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு மாடியில் கூடிப் புத்தகம் பேசுகிறோம். போன மாதம் ஸ்டீபன் கிங் எழுதிய ‘ரோஸ் மேடர்’ நாவலை எடுத்தோம். ஆங்கிலம் படிக்கிறவர்கள் படித்துவிட்டு மற்றவர்களுக்குக் கதை சொன்னோம். கணவனிடம் 14 வருடம் அடிபட்ட ரோஸி என்ற பெண் தப்பிப் போகிற திகில் கதை. பேச ஆரம்பித்ததும் சண்டையாகிவிட்டது. முதல் பகுதி அருமை, அவள் ஓவியத்துக்குள் நுழைவது, காளை, கோயில் எல்லாம் அபத்தம் என்றார்கள் பாதிப் பேர். எங்களில் மூத்தவரான ஓய்வு பெற்ற ஆசிரியை, “எனக்கு அந்தப் பகுதிதான் பிடிச்சது” என்றார். “இப்படி ஒரு புருஷன் எங்கேயும் இருக்க மாட்டான்” என்றார் ஒருவர். “அவ ஏன் அத்தனை வருஷம் அங்கேயே இருந்தா? அவ மேலயும் தப்பு இருக்கு” என்று இன்னொருவர் சொல்ல, பலரும் தலையாட்டினார்கள். எப்போதும் அதிகம் பேசாத ஒரு தோழி மட்டும், “புருஷனே போலீஸ். அவ எங்க போய்ச் சொல்லுவா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இந்த மாதம் அவர் வரவில்லை. போன் செய்தால் “வேலை இருக்குக்கா” என்று வைத்துவிடுகிறார். இந்தப் புத்தகத்தை எடுத்ததே தப்பா? அடுத்த கூட்டத்தில் நான் என்ன பேசுவது?

– பெயர் வேண்டாம், மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகத்தை எடுத்ததில் தப்பே இல்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்ததும் புதிதில்லை. 1995இல் வெளிவந்த இந்த நாவலை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் பிரிகிறார்கள். கிங்கே தன் எழுத்து வாழ்க்கையைப் பற்றிய நூலில், ரொம்பப் பிரயாசைப்பட்டு விறைப்பாகிப்போன நாவல்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார். அதனால் பிடிக்காதவர்கள் மேல் கோபப்பட வேண்டாம்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உண்மையான திகில் தொடக்க அத்தியாயங்களில்தான் இருக்கிறது. படுக்கை விரிப்பில் ஒரு சொட்டு ரத்தம், முந்தைய இரவு வாங்கிய அடியில் விழுந்தது. வழக்கம்போல விரிப்பை மாற்றப் போன ரோஸி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இவன் கையால் செத்துப்போவோம் என்ற பயம் அவளுக்குப் பழகிவிட்டது. சாகாமல் இன்னும் பல வருடம் இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்புதான் அவளை வாசலுக்குத் தள்ளுகிறது. கைப்பையும் கணவனின் வங்கி அட்டையும்தான் அவள் எடுத்துக்கொண்டு போவது. அப்புறம் அந்த அடகுக்கடை. வைரம் என்று நம்பியிருந்த மோதிரத்தை விற்கப் போகிறாள். கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, கல் போலி என்கிறார். நகையை அடகுக்கடை மேசையில் வைத்துவிட்டு, அடுத்தவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நின்ற நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். அந்த மோதிரத்தைக் கொடுத்துத்தான் ஓவியத்தை வாங்குகிறாள்.

ஆசிரியை அம்மா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். நம் கதைகளில் வளர்ந்தவருக்கு அந்த இரண்டாம் பகுதி அந்நியமாக இருக்காது. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் கையால் செத்தவள் பேயாக வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை முன்னால் நின்று, “இவர் என் புருஷன், என்னோடு அனுப்புங்கள்” என்று கேட்கிறாள். சபை அவளை நம்பி அனுப்புகிறது. உயிரோடு இருந்தபோது அவள் பக்கம் நின்று பேச ஒருவரும் இல்லை. பேயாக வந்தபோது ஊரே நியாயம் பேசுகிறது. கண்ணகி வழக்காடியதும் உங்கள் ஊரில்தான். கேட்கிற இடத்தில் காது இல்லாமல் போனால் பெண்ணின் கோபம் தீயாகவும் பேயாகவும் வருவதை நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். கிங் அந்தக் கோபத்துக்கு ஓவியத்துக்குள் இருக்கிற ஒரு பெண்ணின் உருவம் கொடுக்கிறார். கணவனுக்கு முடிவு கட்டுவதும் அவள்தான்.

ஆனால் என் குறையும் அங்கேயேதான். அவன் ஓவியத்துக்குள் ஒழிந்துவிடுவதால், வெளியே ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவனோடு வேலை பார்த்த காவல்துறையும் சொல்ல வேண்டாம், நீதிமன்றமும் சொல்ல வேண்டாம். போகப் போக அவனைக் காளை முகமூடி மாட்டிய அரக்கனாகவும் ஆக்கிவிடுகிறார். அதனால்தான் உங்கள் கூட்டத்தில் ஒருவர், இப்படி ஒரு புருஷன் இருக்கவே மாட்டான் என்று நிம்மதியாகச் சொல்ல முடிந்தது. நிஜத்தில் அடிக்கிறவன் தெருவில் எல்லோருக்கும் நல்லவன். கல்யாண வீட்டில் முன்னால் நின்று பந்தி பரிமாறுவான், பக்கத்து வீட்டுப் பெரியவரை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். அடிக்கும்போதும் சேலைக்கு வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மாடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் முன்னால்தான் “அவ மேலயும் தப்பு இருக்கு” என்ற பேச்சு நடந்தது. எனக்கு மனம் வலித்தது அந்த இடத்தில்தான்.

அவள் ஏன் இருந்தாள்? நாவலின் முதல் காட்சியிலேயே அவன் அடித்து வயிற்றில் இருந்த குழந்தை போய்விடுகிறது. அதற்கப்புறமும் ஒன்பது வருடம் இருக்கிறாள். கையில் காசு இல்லை, போக வீடு இல்லை, சிநேகிதி என்று யாரும் இல்லை. போனால் தேடி வருவான் என்று தெரியும், தேடியும் வருகிறான். பிரிந்து போகிற நேரமும் அதை ஒட்டிய வாரங்களும்தான் இப்படிப்பட்ட பெண்களுக்கு மிக ஆபத்தானவை. நம் ஊரில் இதோடு பிள்ளைகளின் படிப்பு, தங்கையின் கல்யாணம், “கல்லானாலும் கணவன்” என்று திருப்பி அனுப்பும் பிறந்த வீடு எல்லாம் சேர்ந்துகொள்கிறது. அத்தனை வருஷம் அவளை யாராவது வந்து பார்த்தார்களா என்று நாம் கேட்பதில்லை. அவளைக் கேட்பது சுலபமாக இருக்கிறது.

இனி, உங்கள் தோழி கேட்டாரே, அதற்குப் பதில் உண்டு. புருஷன் போலீஸாக இருந்தாலும் காவல் நிலையத்துக்கு வெளியே வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் முதலில் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லவில்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். நடந்ததை அவர் அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். நேரடியாக மாஜிஸ்திரேட்டிடமும் மனுக் கொடுக்கலாம். வீடு கணவன் பெயரில் இருந்தாலும், மாமியார் பெயரில் இருந்தாலும், குடியிருந்த வீட்டில் தங்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. கிட்ட வரக்கூடாது என்று உத்தரவு வாங்கலாம், ஜீவனாம்சம் கேட்கலாம், குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச உதவி உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் 181 என்ற பெண்கள் உதவி எண் எடுக்கும், கட்டணம் இல்லை. உடனே வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தால், ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்க இடம் கிடைக்கும்.

இதை எல்லாம் தோழியின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். குழுவிலும் வேண்டாம். அந்த போனை வேறு யார் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. நாவலில் வங்கி அட்டையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறான். இன்றைக்கு அந்த வேலையை போனே செய்து கொடுத்துவிடும். இன்னொன்று, அவர் வீட்டில் இப்படி நடக்கிறது என்று நீங்கள் முடிவுகட்டவும் வேண்டாம். அவருடைய அக்கா கதையாக இருக்கலாம், மகள் கதையாக இருக்கலாம், நாவலைக் கவனமாகப் படித்தவரின் கேள்வியாகவும் இருக்கலாம். எதுவானாலும், “உங்க வீட்டுல பிரச்சினையா?” என்று போனில் கேட்காதீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ. நேரில், தனியாக, காய்கறி வாங்கப் போகிற வழியிலோ கோயில் வாசலிலோ பார்த்து, “அன்னைக்கு நீ கேட்ட கேள்விக்கு நாங்க பதில் சொல்லலை. கேட்டது சரியான கேள்விம்மா” என்று மட்டும் சொல்லுங்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். “விட்டுட்டு வந்துடு” என்று வற்புறுத்தாதீர்கள். எப்போது கிளம்புவது என்பது கிளம்புகிறவருக்குத்தான் தெரியும். உங்களால் கொடுக்க முடிந்தது வேறு. அவருடைய ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களை உங்கள் பீரோவில் வைத்துக்கொள்வீர்களா? எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் திறப்பீர்களா? அதை முதலில் உங்கள் வீட்டில் பேசித் தீர்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதே நாவலையே இன்னொரு தடவை எடுங்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை விட்டுவிட்டு, ரோஸி மதுரையில் இருந்தால் அன்று காலை எந்தப் பஸ்ஸில் ஏறியிருப்பாள், மாட்டுத்தாவணியில் இறங்கியதும் யாரிடம் போயிருப்பாள் என்று பேசுங்கள். 181ஐயும் சமூக நல அலுவலகத்தையும் அந்தப் பேச்சோடு பேச்சாக எல்லோர் காதிலும் போட்டுவிடலாம். யாரையும் தனியாகப் பார்த்துச் சொன்னதாக இருக்காது. “அவ மேலயும் தப்பு” என்ற பேச்சு மறுபடி வந்தால், கூட்டத்தை நடத்துகிறவர் என்ற முறையில் அங்கேயே நிறுத்துங்கள், மரியாதையாக ஆனால் உறுதியாக. தோழி அன்றைக்கும் வராவிட்டால் மாதம் ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். என்ன புத்தகம் எடுத்தோம், யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பேசினால் போதும்.