வாடகைக்கு யார் பணம் தருவார்?

கேள்வி: மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் அகதிப் பிள்ளைகள் 35 பேருக்கு வகுப்பு நடத்துகிறோம். பெரும்பாலும் ரோஹிங்யா பிள்ளைகள், சிலர் இலங்கைத் தமிழர். உதவி வந்த வெளிநாட்டு அமைப்பு சென்ற ஆண்டோடு நிறுத்திக்கொண்டது. மற்ற தொண்டு அமைப்புகள் பணத்துக்கு என்ன செய்கின்றன? – ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வாடகை 1,200 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு ஆசிரியர்களின் அலவன்ஸ் 2,200, வேன் 900, நோட்டுப் புத்தகமும் பசியாறலும் 400. மாதம் 4,700 வெள்ளி. ஒரு பிள்ளைக்கு 134 வெள்ளி சொச்சம்.

இதில் நன்கொடையாளர்கள் மனமுவந்து தருவது அந்தக் கடைசி 400-க்குத்தான். மேசை, கணினி, சுவருக்குச் சாயம் என்றால் கேட்டதும் கிடைக்கும். வாடகை என்றால் கை சுருங்கும். நான் பார்க்க மூடப்பட்ட வகுப்புகளில் சில, நல்ல கணினிகளோடுதான் மூடப்பட்டன. அதனால் முதல் வேலை, எந்தச் செலவுக்கு எந்தப் பணம் என்று பிரிப்பது.

மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை, ஆகவே மானியமும் இல்லை. ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். சில கற்றல் மையங்களுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் 2025-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைக் குறைத்த பிறகு அங்கும் நெருக்கடி. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்தது திட்ட மானியம். கனடா, ஆஸ்திரேலியா தூதரகங்கள் சிறு உள்ளூர்த் திட்டங்களுக்கு நிதி தருகின்றன. யாயாசான் ஹசானா போன்ற உள்நாட்டு அறக்கட்டளைகளும் உண்டு. இவை காலக்கெடுவோடு வரும் பணம். ஆசிரியர் பயிற்சி, பாடநூல் போன்றவற்றுக்குப் பொருந்தும். விண்ணப்பத்தில் வாடகையை மறைக்காதீர்கள். "மேசைக்கு 5,000 வெள்ளி" என்று எழுதாமல், "பத்துப் பிள்ளைகளின் ஓராண்டுக் கல்விக்கு 16,100 வெள்ளி" என்று எழுதி, வாடகை, அலவன்ஸ், வேன் எல்லாவற்றையும் பங்கிட்டுக் காட்டுங்கள். எதிரில் இருப்பவர் கணக்குத் தெரிந்தவரானால் நிச்சயம் மதிப்பார்.

நிறுவனங்களிடம் போனால் முதலில் கேட்பது வரிவிலக்கு ரசீது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் அங்கீகாரம் உள்ள அமைப்புதான் அதைத் தர முடியும். உங்களுக்கு அது கைகூடும்வரை, அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றிடம், அதன் நோக்கத்தில் இந்த வேலை அடங்குமானால், தன் திட்டமாகவே ஏற்று நடத்துமா என்று கேளுங்கள். இன்னும் சங்கமாகப் பதியவில்லை என்றால் உடனே பதியுங்கள். ஏழு பேர் போதும். தனியார் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் நன்கொடை வாங்க வேண்டாம்.

வாடகைக்கு வருகிறேன். அதை உங்கள் ஊரே கொடுக்க முடியும். ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் நம் ஜனங்கள் வீடிழந்து நின்றபோது, 1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். பால் மரம் வெட்டிய கைகள் கொடுத்த அந்தக் காசில்தான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உங்கள் கெடாவிலேயே புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. உங்களுக்கு வேண்டியது மாதம் 20 வெள்ளி தரும் 60 பேர். 1,200 வந்துவிடும். பழைய மாணவர்களிடமிருந்து தொடங்குங்கள். "முடிந்தபோது கொடுங்கள்" என்று விடாமல், மாதாமாதம் வங்கியே பிடித்து அனுப்பும்படி படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பி வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள்: வந்தது, போனது, மீதி.

வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்துவதானால் போலீஸ் அனுமதி வேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் அனுப்பிய படங்களில் ஒரு சிறுமி தன் யு.என்.எச்.சி.ஆர். அட்டையை நெஞ்சோடு பிடித்து நிற்கிறாள். பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். கரும்பலகையில் எழுதும் கை போதும், முகம் வேண்டாம்.

இந்த வாரம் 60 பெயர்களை எழுதிப் பாருங்கள். நாற்பதில் நின்றாலும் எனக்கு அனுப்புங்கள். தூதரக விண்ணப்பத்தை அந்தப் பட்டியலோடு சேர்த்தே தயாரிப்போம். ஊர் எவ்வளவு போடுகிறது என்றுதான் அவர்களும் கேட்பார்கள்.