சேப்பல் ஹில்லின் விறகடுப்புகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தென்மாநிலங்களின் உணவைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஆலன் அண்ட் சன் என்ற பார்பெக்யூ கடையின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் இக்கடிதத்தை எழுத வைத்தது. 1990-களின் இறுதியில் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் முதுகலை படித்தேன். எங்கள் வீட்டில் பன்றிக்கறி சமைக்கும் வழக்கம் இல்லை. ஆய்வகத்தில் உடனிருந்த உள்ளூர் நண்பர்தான் ஒரு சனிக்கிழமை மதியம் என்னை அந்தக் கடைக்கு அழைத்துப் போனார். அதன்பிறகு கையில் காசு இருந்தபோதெல்லாம் நானே போனேன். ஊர் திரும்பிய பின் பார்பெக்யூ என்று பலகை மாட்டிய எத்தனையோ இடங்களில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். எல்லா இடங்களிலும் கெட்டியான, தித்திப்பான ஏதோ ஒன்றைப் பூசித் தருகிறார்கள். அந்த ருசி வரவே இல்லை. "படிக்கிற வயதில் பசியோடு தின்றது எல்லாமே அமுதமாகத்தான் இருக்கும்" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் உண்மையா?

இப்போது என் மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோய்விடப் போகிறேன். ஆலன் கடையை மூடிவிட்டார்கள் என்று அறிந்தேன். அவளை வேறு எங்கே அழைத்துச் செல்லலாம்? கிழக்கத்திப் பக்குவமா, லெக்சிங்டன் பக்குவமா என்று அங்குள்ளவர்கள் ஏன் அத்தனை மும்முரமாகச் சண்டை போடுகிறார்கள் என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நேரமிருந்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆர்., கோவை

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்கள் சொல்வதை ஒரேயடியாக மறுக்கமாட்டேன். கல்லூரி நகரங்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளை நானும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாசிப்பேன். 1795-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி, அதற்காகவே உருவான ஊர் சேப்பல் ஹில். ஆண்டுதோறும் ஒரு கூட்டம் வருகிறது, இன்னொரு கூட்டம் போகிறது. போனவர்கள் பிற்பாடு ஊரின் முக்கியக் கடைத்தெருவான ஃபிராங்க்ளின் தெருவின் ஏதோ ஒரு கடையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். அந்த எழுத்தில் கடை இருப்பது பத்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் இருபத்திரண்டு வயதில் தாங்கள் எப்படி இருந்தோம் என்பதே.

ஆனால் ஆலன் கடையை அந்தக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அதன் ருசிக்கான காரணத்தை நேரில் பார்க்க முடிந்தது. ஊருக்கு வடக்கே 86-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கடையைக் கீத் ஆலன் 1970-களின் தொடக்கத்திலிருந்து 2018 டிசம்பரில் மூடும்வரை நடத்தினார். அடுப்புக்கு வேண்டிய ஹிக்கரிக் கட்டைகளைத் தம் கையாலேயே பிளப்பவர் அவர். ஹிக்கரி நம்மூர்ப் புளிய விறகைப்போல் இறுகிய மரம். கோடாலிக்கு எளிதில் மசியாது, ஆனால் பற்றிக்கொண்டால் நெடுநேரம் நின்று எரியும். விடியலுக்கு வெகுமுன்பே எழுந்து, அந்தக் கட்டைகளைத் தனியாக எரித்துக் கங்காக்கி, கங்குகளை மண்வாரியால் அள்ளிச் செங்கல் அடுப்பின் அடியில் பரப்ப வேண்டும். மேலே கம்பிகளின்மீது பன்றியின் முன்னங்கால் தோள்பகுதிகள் கிடக்கும். கங்கு அடங்க அடங்க, மறுபடியும் எரித்து மறுபடியும் அள்ளிப்போட வேண்டும். ஒன்பது மணி நேரம், சில நாட்களில் அதற்கும் மேலாக, இந்த வேலை ஓயாது.

இத்தனை பாடும் வீண் சடங்கு அன்று. தோள்பகுதி உழைத்து முறுகிய தசை. அதைக் கடுந்தீயில் வாட்டினால் செருப்புத் தோலாகிவிடும். கொதிநிலைக்குச் சற்றே மேலான சூட்டில் மணிக்கணக்காக வைத்திருந்தால்தான் தசையைப் பிணைத்திருக்கும் கொலாஜன் இளகிக் கூழாகி, கறி தானாகவே நாராகப் பிரியும். அதற்குள் கொழுப்பு உருகிச் சொட்டுச்சொட்டாகக் கங்கின்மீது விழுகிறது. விழுந்த இடத்தில் சீறிப் புகைகிறது. அந்தப் புகை மேலே எழுந்து, எந்தக் கறியிலிருந்து கொழுப்பு வடிந்ததோ அதே கறியில் போய்ப் படிகிறது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ருசி அங்கேதான் பிறக்கிறது. எரிவாயுவிலோ மின்சாரத்திலோ சூடேறும் அடுப்பில் கறி நன்றாகவே வேகும், மென்மையாகவும் இருக்கும். ஆனால் கொழுப்பு சொட்டுவதற்குக் கங்கு இருக்காது. அந்த மாநிலத்திலேயே பல பழைய கடைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே விறகைக் கைவிட்டு எரிவாயுவுக்கு மாறிவிட்டன. நான் அவர்களைக் குறை சொல்லத் துணியமாட்டேன். இரவெல்லாம் அடுப்படியில் நிற்க ஆள் கிடைப்பது அங்கும் அரிது, விறகின் விலையும் கொஞ்சநஞ்சமில்லை.

நீங்கள் சொல்லும் தித்திப்புப் பூச்சின் சங்கதி இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இனிப்புச் சாற்றைத் தேர்ந்து செய்பவர்கள் வேறு மாநிலங்களில் உண்டு, அது அவர்கள் மரபு. ஆனால் புகையே படாத கறிக்குக் கெட்டிச் சாறு ஒரு போர்வையாகப் பயன்படுகிறது. வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்துச் சாறு போர்வையாக இருக்கவே முடியாது. வினிகர், உப்பு, மிளகு, நொறுக்கிய மிளகாய், அவ்வளவுதான், தண்ணீராக ஓடும். கறியில் ஊற்றினால் மேலே தங்காது, உள்ளே இறங்கிக் கொழுப்பின் திகட்டலை வெட்டும். கறியில் குறை இருந்தால் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கடைக்காரருக்குத் தம் அடுப்பின்மேல் நம்பிக்கை இருந்தாலொழிய அந்தச் சாற்றை மேசையில் வைக்க மாட்டார்.

இனி உங்கள் கிழக்கு–மேற்குச் சண்டைக்கு வருகிறேன். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அவர்களுக்கோ இது ஊர்ப்பற்று. மாநிலத்தின் கிழக்கில் முழுப் பன்றியையே அடுப்பில் ஏற்றுவார்கள். கொழுத்த பகுதி, கொழுப்பற்ற பகுதி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொத்திக் கலந்து, மேலே சொன்ன வினிகர்ச் சாற்றைச் சேர்ப்பார்கள். மேற்கே லெக்சிங்டன் பக்கத்தில் தோள்பகுதி மட்டும்தான். சாற்றில் தக்காளிக் கெட்சப்பும் சர்க்கரையும் கொஞ்சம் சேரும், கோல்ஸ்லா என்ற முட்டைக்கோசுச் சாலட்டும் அதனால் சிவந்திருக்கும். இந்த மேற்கத்திப் பக்குவத்துக்கு ஒரு குருபரம்பரையே உண்டு. 1919 வாக்கில் லெக்சிங்டன் நீதிமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டு, வழக்குக்கு வந்தவர்களுக்குக் கறி விற்ற சிட் வீவர், ஜெஸ் ஸ்வைஸ்குட் ஆகிய இருவரிடமிருந்து அது தொடங்குகிறது. ஸ்வைஸ்குட்டிடம் தொழில் பழகிய வார்னர் ஸ்டேமி பிற்பாடு கிரீன்ஸ்பரோவில் கடை நிறுவினார். ஸ்டேமியிடம் பழகிய வேய்ன் மங்க் 1962-இல் லெக்சிங்டனில் தம் கடையைத் திறந்தார். கிழக்கத்தியர் கெட்சப்பைக் கலப்படம் என்பார்கள். மேற்கத்தியர் முழுப் பன்றியைக் கொத்துவதில் எந்தத் துண்டு எங்கே போயிற்று என்று எவருக்குத் தெரியும் என்பார்கள். சேப்பல் ஹில் இந்த இரண்டு நாடுகளுக்கும் எல்லையில் இருப்பதால், கீத் ஆலன் மேற்கைப்போலத் தோள்பகுதியை வாட்டி, கிழக்கைப்போலக் கெட்சப் இல்லாத வினிகரை ஊற்றினார். நீங்கள் படித்த காலத்தில் சண்டை விளங்காமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்: இரு கட்சியையும் ஒரே தட்டில் உண்டுகொண்டிருந்தீர்கள். என் ஓட்டைக் கேட்டால் அது கிழக்குக்குத்தான். உங்கள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்த ஜான் ஷெல்டன் ரீட், இந்தச் சண்டையைவிட விறகா எரிவாயுவா என்பதே பெரிய கேள்வி என்று கருதி, டான் லெவின் என்பவருடன் சேர்ந்து, விறகில் சமைக்கும் கடைகளுக்குச் சான்று தரும் ஓர் இயக்கத்தையே தொடங்கினார். ஒரு பேராசிரியர் ஓய்வுக்குப் பின் செய்யத்தக்க நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடைகளை நினைவுகூரும்போது நம்மைப் போன்றவர்கள் விட்டுவிடுகிற பக்கம் ஒன்றும் உண்டு. தெற்கின் பார்பெக்யூ அடுப்புகளில் தலைமுறை தலைமுறையாகக் கங்கு அள்ளியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். முதலில் அடிமைகளாக, பிறகு கூலிகளாக. அவர்கள் சமைத்ததை அவர்களே உள்ளே உட்கார்ந்து உண்ண முடியாத நிலை 1964 வரை நீடித்தது. உங்கள் பல்கலைக்கழகம் கறுப்பின இளங்கலை மாணவர்கள் மூவரை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது 1955-இல், அதுவும் நீதிமன்ற உத்தரவின் பேரில். 1960 பிப்ரவரியில் லிங்கன் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவர்கள் ஃபிராங்க்ளின் தெருவிலேயே ஒரு மருந்துக் கடையின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து மறியல் செய்தார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் புகழ்பெறுவதற்கு முன்பு, துணைப் பயிற்சியாளராக இருந்த நாட்களில், தம் அணியினர் வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்துக்கு ஒரு கறுப்பின மாணவரையும் தம் தேவாலயப் போதகரையும் கூட்டிப் போய் அமர்ந்தார். அவர்களுக்குச் சாப்பாடு வந்தது. அந்த ஊரில் அது சின்ன விஷயமாக இருக்கவில்லை.

தெற்கு முழுவதற்கும் இந்த ஒதுக்கலைச் சட்டப்படி முடித்துவைத்த வழக்குகளுள் ஒன்று ஒரு பார்பெக்யூ கடையின் வழக்குதான். அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருந்த ஆலீஸ் பார்பெக்யூ கறுப்பினத்தவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும், உள்ளே உட்காரவிடாது. அங்கே வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். தாங்கள் உள்ளூர்க் கடை, இன ஒதுக்கலைத் தடுத்த மத்திய அரசின் 1964 குடிமை உரிமைச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று உரிமையாளர்கள் வாதிட்டார்கள். ஓராண்டில் அக்கடை வாங்கிய சுமார் 1,50,000 டாலர் உணவுப்பொருளில் 46 விழுக்காடு வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி என்பதைச் சுட்டிக்காட்டி, 1964 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. நீங்களும் நானும் எந்தக் கடையிலும் எந்த மேசையிலும் அமர முடிந்ததற்கு அந்தக் கறிக் கணக்கும் ஒரு காரணம்.

சேப்பல் ஹில்லைப் பற்றி எழுதிவிட்டு மில்ட்ரெட் கவுன்சில் என்ற பெண்மணியைச் சொல்லாமல் விடக்கூடாது. நல்ல உயரம், நீண்ட கைகள்; மழைநீர்ப் பீப்பாயின் அடியிலிருக்கும் தண்ணீரையும் குனிந்து மொண்டுவிடுவார் என்பதால் சிறுவயதிலேயே 'டிப்' என்று பெயர் வந்ததாம், பிறகு ஊருக்கெல்லாம் 'மாமா டிப்'. 1976-இல் கையில் 64 டாலருடன் உணவகத்தைத் திறந்தார். அதில் பெரும்பகுதி காலைச் சமையலுக்கான சாமானுக்கும் மீதி கல்லாவில் போடச் சில்லறைக்கும் போயிற்று; காலையில் வந்த காசில் மதியச் சமையலுக்குச் சாமான் வாங்கினார். அவர் கடை பார்பெக்யூ கடை என்பதைவிட வீட்டுச் சாப்பாட்டுக் கடை. அவர் மறைந்ததும் ஆலன் கடை மூடியதும் ஒரே ஆண்டில், 2018-இல்.

மகளை எங்கே அழைத்துப் போவது என்று கேட்டீர்கள். இட்லிக்கும் சாம்பாருக்கும் அவள் கவலைப்பட வேண்டியதில்லை. அருகிலுள்ள ஊர்களான கேரியிலும் மோரிஸ்வில்லிலும் நம்மவர்கள் திரளாக இருக்கிறார்கள். கறிக்கு ஊருக்குள்ளேயே தேடாதீர்கள். ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிழக்கே இரண்டு மணி நேரம் போனால் ஏய்டன் என்ற சிற்றூர் வரும். அங்கே 1947-இல் பீட் ஜோன்ஸ் தொடங்கிய ஸ்கைலைட் இன் கடையின் கூரைமேல், வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்த்துக் கட்டிய ஒரு குவிமாடம் இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போங்கள். முழுப் பன்றியை விறகில் வாட்டி, மொறுமொறுப்பான தோலையும் சேர்த்துக் கறியோடு கொத்திக் கலப்பார்கள். கத்தி மரக்கட்டையில் விழும் சத்தம் ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும். காகிதத் தட்டில் கறி, அதன்மேல் தட்டையான சோள ரொட்டி ஒன்று, அதற்கும் மேல் கோல்ஸ்லா என்று அடுக்கித் தருவார்கள். தோலின் நொறுங்கல் பல்லில் படும்போது மகளின் முகத்தைப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் மேற்கே ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் காரோட்டினால் லெக்சிங்டன், வேய்ன் மங்க் தொடங்கிய கடை. அங்கே கறி கேட்கும்போது வெளிப்புறத்துக் கருகல் பகுதியும் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். புகை அதிகம் ஏறியது அங்கேதான், கேட்டால்தான் கொடுப்பார்கள். இரண்டு கடைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, ஆகவே விடுதியில் பெட்டிகளை இறக்கும் வேலையை அந்த நாளுக்கு வைத்துக்கொண்டு சனிக்கிழமையே புறப்பட்டுவிடுங்கள்.