பக்கத்து சீட்டிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 46. பள்ளி ஆசிரியை. டிரைவிங் ஸ்கூலில் 15 நாள் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டேன். அங்கே நன்றாகத்தான் ஓட்டினேன். வீட்டில் இருக்கும் பழைய வேகன்-ஆரை எடுத்தால் மட்டும் தெருமுனை தாண்டுவதற்குள் நாலு தடவை ஆஃப் ஆகிவிடுகிறது. ரயில்வே மேம்பாலத்தில் பாதியில் நின்று பின்னால் உருண்டது, ஆட்டோக்காரர் கத்தினார். அன்றோடு சாவியைத் தொடவில்லை. “உனக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி” என்கிறார் கணவர். வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்கூல் வண்டியில் சொல்லித்தருபவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நடுரோட்டில் வண்டி நின்றால் பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். அடுத்த ஆள் வேறு காத்திருப்பார். அதனால் உங்கள் கால் தடுமாறும் முன்பே எங்கள் கால் அமுக்கிவிடும். 28 வருடம் நானும் அதைத்தான் செய்தேன். போதாக்குறைக்கு, “அருமையா எடுக்கிறீங்களேம்மா” என்றும் சொல்லி வைப்போம். ஆக, உங்கள் இடது கால் இன்னும் பாடமே ஆரம்பிக்கவில்லை.

ஞாயிறு காலை உங்கள் பள்ளி மைதானத்துக்கே வண்டியைக் கொண்டு போகச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார ஓட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். கணவர் வேண்டாம்; அண்ணனோ தம்பியோ தேவலை. (கணவன் சொல்லிக்கொடுத்து மனைவி பழகியதை என் அனுபவத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.) ஹவாய் செருப்பு வேண்டாம், பெடலுக்கு அடியில் மாட்டும். கிளட்ச்சை முழுக்க அமுக்கினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும்படி சீட்டை முன்னால் தள்ளுங்கள்.

முதல் நாள் ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. ஃபர்ஸ்ட் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கிளட்ச்சை அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தில் விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், ஸ்டியரிங்கில் ஒரு சின்ன நடுக்கம் வரும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கே காலை நிறுத்துங்கள். வண்டி தானாக நகரும். பத்தடி போனதும் நிறுத்துங்கள். மறுபடி எடுங்கள். ஐம்பது தடவை. ஆஃப் ஆனால் ஆகட்டும், மைதானத்தில் யார் ஹாரன் அடிக்கப் போகிறார்கள்?

மேடு அதற்கு அடுத்த வாரம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஹாஃப் கிளட்ச்சுக்கு வந்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுங்கள். பானெட் லேசாகத் தூக்கும். அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராது.

ஆட்டோமேட்டிக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். என் முழங்காலே இப்போது அதைத்தான் கேட்கிறது. ஆனால் 2014-ல் செலேரியோ காரில் வந்ததே ஏ.எம்.டி. (மேனுவல் கியரையே மெஷின் மாற்றும் வகை), அந்த வகையில் கிளட்ச் உள்ளேதான் இருக்கிறது, அமுக்குவது மட்டும் மெஷின். ஹில் ஹோல்டு வசதி (மேட்டில் வண்டியைச் சில நொடி பிடித்து வைப்பது) இல்லாத ஏ.எம்.டி., மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அதுவும் பின்னால்தான் உருளும். அந்த மேம்பாலத்துக்குப் பயந்து சில லட்சம் செலவு செய்யாதீர்கள். ஒரு மாதம் பழகிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: பழகுவதற்கென்று செகண்ட் ஹேண்ட் ஆல்ட்டோ பார்த்திருக்கிறேன். கிளட்ச் நன்றாக இருக்கிறதா என்று மெக்கானிக் இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முடியும் தம்பி. சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போடுங்கள். இன்ஜின் ஓடும்போதே மூன்றாவது கியர் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். உடனே ஆஃப் ஆனால் பிளேட் நல்ல பிளேட். வண்டியும் நகராமல் இன்ஜினும் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒரு தடவை செய்தால் போதும், விற்பவர் முகம் சுளிக்கும் அளவுக்கு வேண்டாம். ஆர்.சி.யில் வருடத்தையும் பாருங்கள். சொந்த வண்டிக்கு 15 வருடம்தான் பதிவு, அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். பணம் கொடுக்கும்போதே பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். “அடுத்த வாரம் போடுறேன்” என்றால் பணமும் அடுத்த வாரமே.

கேள்வி: கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார் மாமா. சரியா?
- கல்லூரி மாணவர், வத்தலக்குண்டு

பதில்: மாமா கார்புரேட்டர் காலத்து ஆள் போலிருக்கிறது. நானும்தான், பழகியது ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருந்த அம்பாசிடரில். இப்போதைய, கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்துவிடும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓட்ட அது செலவாகும். அதோடு வண்டியின் பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். ஒவ்வொரு வளைவுக்கும் மிதித்து மிதித்து பிரேக் சூடேறி, அவசரத்துக்குப் பிடிக்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மாமா கேட்கவில்லை என்றால் பஸ்ஸில் வாருங்கள்.