வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் போடணுமா?

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, ஆறு வருஷம் ஆகிறது. போன இரண்டு கோடையிலும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று மெக்கானிக் நிரப்பிவிட்டுப் போனார். இந்த வருஷம் சித்திரை பிறக்கும் முன்பே கூலிங் இல்லை. மறுபடியும் போடலாமா? கீசரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாமா?"

லீக் எங்கே என்று தெரியாமல் போடாதீர்கள். ஏசி கேஸ் ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வந்து அறையின் சூட்டை வாங்கி வெளியே விடுகிறது, பத்து வருஷமானாலும் அது குறையக் கூடாது, குறைந்தால் எங்கோ கசிகிறது.

ஆனால் கேஸ்தான் குறைந்திருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டி, 15 நிமிஷம் ஓடவிட்டு, ஏசி உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் ஒரு சின்ன தெர்மாமீட்டரில் அளந்தால், 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லை என்றால், வெளியே ஃபேன் சுற்றியும் கம்ப்ரசர் சத்தமே இல்லையா? கம்ப்ரசரை ஓடத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அது சின்ன செலவு. கம்ப்ரசர் ஓடுகிறது, அவுட்டோர் யூனிட்டில் சேரும் இரண்டு குழாய்களில் மெல்லியதில் பனி படிகிறது, தடித்தது குளிரவே இல்லை என்றால்தான் கேஸ் குறைவு என்ற சந்தேகம் வலுக்கும்.

உங்கள் தெருவில் இருக்கும் உப்புக்காற்றைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருக்கின்றன. உப்பும் ஈரமும் சேர்ந்தால் அந்த இடம் அரித்துப்போகும். தகடுகள் வெள்ளையாகப் பொடிந்து உதிர்கிறதா, குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் கசிந்து கறை விடும். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் அவுட்டோர் யூனிட்டைக் கழுவிவிடுங்கள், உப்பான போர் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

மெக்கானிக் வந்தால் நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை வைத்து லீக் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்தால் உடனே நிறுத்துங்கள், எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும். லீக்கை அடைத்த பிறகு பம்ப் வைத்து குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வாக்யூம் எடுக்க வேண்டும், அப்புறம் அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அதே வகை கேஸை, அதே கிராம் கணக்கில், எடை போட்டு ஏற்ற வேண்டும். ஆர்-32 என்று போட்டிருந்தால் அது தீப்பிடிக்கக்கூடியது. குழாயில் கேஸ் இருக்கும்போது வெல்டிங் கூடவே கூடாது.

காயில் எனப்படும் அந்தச் செம்புக் குழாய்ச் சுருளே அரித்திருந்தால் செலவு பெரிது. ஏசி வீட்டோடு வந்ததென்றால், போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிப் பேசுங்கள், இரண்டு முறை கேஸுக்குக் கொடுத்த பில்லையும் சேர்த்து.

கீசரை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சுவிட்ச் போட்டதும் வீடே ட்ரிப் ஆனால் ஹீட்டிங் காயிலில் மின்கசிவு இருக்கக்கூடும், அதை மாற்றும் வரை கீசரைப் போடாதீர்கள், ட்ரிப் ஆகாமல் இருக்க வேறு லைனில் மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சரி.