எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி ஞாயிறுதோறும் எழுதுகிறேன்

கேள்வி: எனக்குப் பிடித்த விஷயங்களை இணையத்தில் வாரந்தோறும் எழுதிப் பகிர விரும்புகிறேன். தொடங்கிய சில வாரங்களிலேயே எழுத ஒன்றும் இல்லாமல் நின்றுவிடுகிறது. நீண்ட காலமாக எழுதுகிறவர்கள் எப்படித் தொடர்கிறீர்கள்? படிப்பவர்கள் மிகக் குறைவாக இருந்தாலும் எழுத வேண்டுமா?

2015 ஐப்பசியில் தொடங்கி, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி ஞாயிறு மாலைகளில் ஒரு குறிப்பு எழுதி இணையத்தில் இட்டு வருகிறேன். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. பறவைகளைப் பற்றியோ பாசனத்தைப் பற்றியோ முறையாகப் படித்தவள் அல்ல. சிறுவயதில் அந்தக் கரையில் நடந்து பள்ளிக்குப் போனவள் என்பதும், அந்த நீர்ப்பரப்பின் மேல் தீராத பிரியம் கொண்டவள் என்பதும்தான் நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணம். நீங்கள் சொல்லும் அதே நிலை எனக்கும் வந்தது. ஐந்தாவது வாரத்தில் என்னிடம் எழுத எதுவும் இல்லை.

முதல் நான்கு வாரங்களில் நான் எழுதியவை கண்மாய்ப் பாசனத்தின் பெருமை, நீர்ப்பறவைகள் ஓர் அறிமுகம், ஊராரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தின் வரலாறு, வடகிழக்குப் பருவமழையின் இயல்பு என்பன போன்ற பெரிய தலைப்புகள். நூலகத்தில் இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டால் யாரும் எழுதிவிடக்கூடியவை அவை. அப்படிப்பட்ட தலைப்புகள் விரைவில் தீர்ந்துபோகும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆர்வம் குறைந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு மழை மிகுதி. கார்த்திகையில் எங்கள் கண்மாய் நிரம்பி, மிகுதி நீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் விழுந்தது. தொலைபேசியில் செய்தி கேட்ட மகிழ்ச்சியில், மதுரையில் இருந்தபடியே, வெள்ளி உருகி வழிவது போலத் தண்ணீர் விழுந்ததாக ஒரு குறிப்பு எழுதினேன். வயல்களுக்குத் தண்ணீரைத் திறந்து பங்கிடும் நீர்பாய்ச்சியாக எங்கள் கண்மாயில் பல ஆண்டுகள் இருந்தவர் எனக்குப் பெரியப்பா முறை. அவருடைய பேரன் அதைப் படித்துக் காட்டியிருக்கிறான். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் கேட்டார்:

“எழுதுனது நல்லாத்தான் இருக்கு தாயி. கலுங்குல தண்ணி விழுந்த அன்னைக்கு நீ எங்க இருந்தே?”

நான் பதில் சொல்லவில்லை. கலுங்கில் வரிசையாக நட்டிருக்கும் குத்துக்கற்களையும், மழைக்காலம் முடியும் தறுவாயில் கற்களுக்கு இடையே மண்ணை அணைத்து அடைத்து இன்னும் சிறிது தண்ணீரைத் தேக்கிவைக்கும் வழக்கத்தையும் அன்று அவரே அழைத்துப்போய்க் காட்டினார். எந்தக் கல்லின் வழியாக முதலில் தண்ணீர் வழியும் என்றும் சொன்னார். கண்மாயைப் பற்றி நான்கு வாரம் எழுதிய எனக்கு அந்தக் கற்களின் எண்ணிக்கைகூடத் தெரிந்திருக்கவில்லை. அன்று எண்ணினேன்; 11 கற்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு முழுவதும் அந்தப் 11 கற்களைப் பற்றியதுதான். அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை என்ற நிலை எனக்கு வந்ததே இல்லை.

ஆகவே உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு என் பதில் இது: பிடித்த விஷயத்தைப் “பற்றி” எழுதாமல், அந்த வாரத்தில் அந்த விஷயத்தில் நீங்களே கண்ட ஒன்றை எழுதுங்கள். வண்டிச் செலவையும் நேரத்தையும் கணக்கிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். போகும் நாளில் கண்டதைக் கையடக்க நோட்டில் எழுதிக்கொள்வேன். போகாத வாரத்துக்கும் அதில் ஒன்று மிச்சம் இருக்கும். குறிப்பு 300 சொற்களைத் தாண்டாது. தேதி, நேரம், வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையின் தூணில் தண்ணீர் எந்த வரி வரை நிற்கிறது என்ற மூன்றும் தொடக்கத்தில் கட்டாயம் இருக்கும். ஒரு குறிப்பில் ஒரே ஒரு பொருள்தான். மடையைப் பற்றி எழுதும்போது பறவைக்கு இடமில்லை; பறவையைப் பற்றி எழுதும்போது மீன் குத்தகைக்கு இடமில்லை. இந்தக் கட்டுப்பாடு தொடக்கத்தில் கடினமாக இருந்தது. ஆனால் இதனால்தான் அடுத்த வாரத்துக்கு எப்போதும் ஏதேனும் எஞ்சியிருக்கிறது.

எழுதும் நாள் ஒன்று நிலையாக இருப்பதன் பயன் எழுதும் நேரத்தில் தெரிவதைவிட மற்ற ஆறு நாட்களில்தான் அதிகம் தெரிகிறது. ஞாயிறு மாலை வரும் என்று தெரிந்திருப்பதால் புதன்கிழமை பேருந்தில் போகும்போதுகூடச் சாலையோர ஊருணியில் முக்குளிப்பான் ஒன்று மூழ்கி எவ்வளவு தூரம் தள்ளி எழுகிறது என்று கண் தானாகவே பார்க்கிறது. முன்பும் அந்த ஊருணியைக் கடந்து போனவள்தான் நான். அப்போது அதில் பறவை இருந்ததாகவே நினைவில்லை.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாவலாசிரியர் மாதவையாவின் மகனான அவர், கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல், 1996 பிப்ரவரியில் மறையும் வரை, இரு வாரத்துக்கு ஒரு முறை இயற்கையைப் பற்றி எழுதினார். 46 ஆண்டுகள். யானைகளையும் காடுகளையும் நன்கு அறிந்த அவர் அணில், காகம், பல்லி, ஆடு ஆகியவற்றைப் பற்றியும் அதே கவனத்தோடு எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிய தைரியத்தைத் தந்தது. தொடர்ந்து எழுதுவதற்கு அரிய பொருள் தேவையில்லை, அருகில் இருக்கும் பொருள் போதும் என்பதை அவருடைய பத்திகளிலிருந்தே நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அருகில் இருக்கும் பொருளே இல்லாமல் போனால் என்ன செய்வது? 2016-ல் அதுதான் நடந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மிகக் கடுமையாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. எங்கள் கண்மாயின் உள்வாயில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பறவைகள் வரவில்லை, நடவு நடக்கவில்லை. மக்கள் குடிநீருக்கு அலைகிற நேரத்தில் கண்மாயைப் பற்றி எழுதுவது சரியா என்ற தயக்கமும் எனக்கு இருந்தது. இரண்டு ஞாயிறுகள் எழுதாமல் விட்டேன். மூன்றாவது வாரம் வறண்ட கண்மாய்க்குள் இறங்கி நடந்தேன்.

நீர் இருந்த காலங்களில், கரையிலிருந்து சற்றுத் தொலைவில் இரண்டு கல்தூண்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும். நீர்க்காகங்கள் அதன்மேல் உட்கார்ந்து சிறகை விரித்து உலர்த்தும். அவற்றின் இறகுகள் தண்ணீரில் நனைந்துவிடக்கூடியவை. ஆகவே மீன் பிடித்தபின் வெயிலில் காய வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி முந்தைய ஆண்டில் ஒரு குறிப்பே எழுதியிருந்தேன். அதில் அந்தத் தூண்களை “நீர்க்காகக் கல்” என்று குறிப்பிட்டிருந்தேன். இப்போது அவை அடிவரை வெளியே தெரிந்தன. இரு தூண்கள், அவற்றை இணைக்கும் துளையிட்ட குறுக்குக் கற்கள், அடியில் கல்லால் ஆன ஒரு பெட்டி போன்ற அமைப்பு. படங்களோடு எழுதினேன். அதைப் படித்த ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவர் மறுநாளே விரிவாகப் பதில் எழுதினார்: அது குமிழித் தூம்பு, மேலே இருப்பது நீரோடித் துளை, அடியில் தரைமட்டத்தில் இருப்பவை சேறோடித் துளைகள், அடைப்பைத் தூக்கினால் மேல் துளை வழியாகத் தெளிந்த நீர் போகும்போதே அடித்துளைகள் வழியாக வண்டலும் சிறிது சிறிதாக இழுக்கப்பட்டு, கரைக்குக் கீழே ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போய்ச் சேரும், கண்மாய் தூர்ந்துபோவது குறையும், வயலுக்கு உரமும் கிடைக்கும். கல்வெட்டுப் படிப்பதில் ஆர்வமுள்ள இன்னொருவர், தூணில் எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை தண்ணீர் கொண்டுபோய்க் கழுவிப் பார்த்தேன். பெரும்பாலும் தேய்ந்திருந்தன. “ஸ்வஸ்தி ஸ்ரீ” என்ற தொடக்கம் மட்டும் தெளிவாக இருந்தது.

30 ஆண்டுகள் அந்தக் கல்லைப் பறவை உட்காரும் இடமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்மாய் வறண்டதாலும், வறண்டபோதும் எழுத வேண்டும் என்று ஒரு நாள் குறித்து வைத்திருந்ததாலும்தான் அதன் பெயர் எனக்குத் தெரிந்தது. அந்த ஓராண்டில் எழுதிய குறிப்புகளே இதுவரை நான் எழுதியவற்றில் சிறந்தவை என்று நினைக்கிறேன்: வெடிப்புகளுக்குள் கிடந்த நத்தை ஓடுகள், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும், இப்போது தூர்ந்துபோன வரத்துக்கால், கூடு கட்ட உதவும் நாட்டுக் கருவேலத்துக்கும் நீர்ப்பிடிப்பில் பரவிய சீமைக் கருவேலத்துக்கும் உள்ள வேறுபாடு, மீன்பிடித் திருவிழா நடக்காத கோடையில் வீட்டு மச்சில் ஏறி உட்கார்ந்துவிட்ட, மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடைகள்.

தவறாக எழுதிவிடுவோமோ என்ற அச்சமும் பலரை நிறுத்திவிடுகிறது. நான் தவறாக எழுதியிருக்கிறேன். மழை திரும்பிய பிறகு, நத்தைக்குத்தி நாரைக் கூட்டம் ஒன்று வந்தது. அதன் அலகின் நடுவில் மூடாத இடைவெளி ஒன்று இருக்கும். நத்தைகளைக் கையாள ஏற்ற அலகு அது. அந்தக் கூட்டத்தில் சில பறவைகளுக்கு அலகில் இடைவெளி இல்லை. ஆகவே வேறொரு வகை நாரையும் சேர்ந்து வந்திருக்கிறது என்று மிகுந்த உற்சாகத்தோடு எழுதிவிட்டேன்; ஊரில் சொல்வதை நம்பி, இவை வெளிநாட்டிலிருந்து வருபவை என்றும் சேர்த்துவிட்டேன். கல்லூரி மாணவி ஒருவர் இரண்டையும் திருத்தினார். இடைவெளி இல்லாதவை அதே இனத்தின் இளம் பறவைகள். வளர வளரத்தான் இடைவெளி தோன்றும். நத்தைக்குத்தி நாரை நம் நாட்டிலேயே வாழ்ந்து, நீரும் இரையும் இருக்கும் இடம் நோக்கி நகர்கிற பறவை. பழைய குறிப்பை நான் அழிக்கவில்லை. அதன் தலைப்பிலேயே தேதியிட்டுத் திருத்தத்தை எழுதி, திருத்தியவருக்கு நன்றியும் சொன்னேன். தவறைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் படிப்பவருக்கு அடுத்த குறிப்பின்மேல் நம்பிக்கை இருக்காது. அதற்குப் பிறகு அந்த மாணவி ஒவ்வொரு ஆண்டும் எங்கள் ஊருக்கு வந்து, பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் கண்மாயையும் சேர்த்து எண்ணுகிறார். எனக்கு இதில் உள்ள மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

எழுதாமல் விடுபவையும் உண்டு. கூடுகள் எந்த மரத்தில் இருக்கின்றன, எந்த வழியாகப் போனால் அருகில் செல்லலாம் என்பதை நான் ஒருபோதும் எழுதுவதில்லை. படத்திலும் அடையாளம் தெரியாதபடி பார்த்துக்கொள்கிறேன். 1972-ன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும், நீர்ப்பறவைகளைக் கறிக்காகப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் ஊரே காவலாக நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தின் பெயரை உரக்கச் சொல்லலாம். காவல் இல்லாத எங்கள் கண்மாயின் பெயரை என் குறிப்புகளில் நீங்கள் காண முடியாது. பிடித்ததைப் பகிர்கிற ஆவலில், பிடித்ததற்கே கேடு விளைவித்துவிடக் கூடாது அல்லவா? உங்கள் விருப்பம் பழைய நாணயமாக இருந்தாலும் காட்டு ஆர்க்கிடாக இருந்தாலும் இந்தக் கேள்வியை எழுதுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பவர்களின் எண்ணிக்கை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் ஆண்டில் என் குறிப்புகளைத் தொடர்ந்து படித்தவர்கள் 12 பேர், அவர்களில் 5 பேர் உறவினர்கள். இப்போதும் எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் பொறியாளரும், கல்வெட்டு படிப்பவரும், அந்த மாணவியும் அந்தச் சிறிய எண்ணிக்கைக்குள் இருந்து வந்தவர்களே. எண்ணிக்கையைப் பார்த்துப் பொருளை மாற்றிக்கொள்ளும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. மாற்றியிருந்தால் இவர்களில் ஒருவரும் என்னைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

இன்னொருவர் இருக்கிறார். எங்களுக்குக் கீழே உள்ள ஊரைச் சேர்ந்தவர், வளைகுடா நாடு ஒன்றில் வேலை செய்கிறார். நான் பறவையைப் பற்றியோ குமிழியைப் பற்றியோ எழுதும்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் பகுதியில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. எங்கள் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அவருடைய ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர். ஐப்பசி பிறந்ததும் அவரிடமிருந்து வாரந்தோறும் ஒரே வரியில் ஒரு கேள்வி வரும்: “அக்கா, கலுங்குல எத்தனை கல்லு நனைஞ்சிருக்கு?” கார்த்திகை முடியும் வரை நான் மடைத் தூணின் அளவுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து, 11-ல் எத்தனை கல்லை நீர் தொட்டிருக்கிறது என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன்.