ஸ்டாக்கிங்ஸ் டப்பால நம்பர் இருக்கான்னு பாருங்க: வாசகர் கேள்வி-பதில்

கே: என் வீட்டுக்காரர் ஹோட்டல் மாஸ்டர், நாள் பூரா நிக்கற வேலை. வெரிகோஸ் வந்து கணுக்கால்கிட்ட புண்ணு, ஆறவே மாட்டேங்குது. டாக்டர் காலை இறுக்கிப் பிடிக்கற க்ளாஸ் 2 ஸ்டாக்கிங்ஸ் எழுதினார். மெடிக்கல்ல காலை அளக்காமலே எல் சைஸ் குடுத்தாங்க. ரெண்டே வாரத்துல லொடலொடன்னு ஆயிடுச்சு, திருப்பி எடுக்க மாட்டாங்களாம். பில் இருக்கு. (திண்டுக்கல் வாசகி)

ப: பில்லை விடாம வச்சிருக்கீங்க பாருங்க, நல்ல காரியம். உங்க மேல தப்பே இல்லம்மா. பில்லுல வேற கெடு போடலன்னா, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள்ள திருப்பி எடுத்து பணம் தர மறுக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி தப்பு, கடைல 'விற்ற பொருள் வாபஸ் இல்லை'ன்னு போர்டு மாட்டிட்டா சட்டம் மாறிடாது. எழுத்துல கேளுங்க, மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க.

இந்த க்ளாஸ், அதாவது எவ்வளவு அழுத்தும்ங்கற அளவு, விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா ஆத்திரம். நாம காசு குடுக்கறது துணிக்கு இல்ல, அழுத்தத்துக்கு. கால் சிரைல வால்வு கெட்டுப்போய் ரத்தம் மேல ஏறாம தேங்கறதாலதான் அந்த இடம் கறுத்து, அரிச்சு, புண்ணாகுது, கணுக்கால்ல இறுக்கிப் பிடிச்சு மேல போகப்போக தளர்ற ஸ்டாக்கிங்ஸ்தான் அந்த ரத்தத்தை மேல தள்ளும். ஆனா க்ளாஸ் 2ன்னா ஜெர்மன் கணக்குல 23-32 எம்எம்எச்ஜி (பி.பி. அளக்கற அதே அழுத்த அலகு), பிரிட்டிஷ் கணக்குல 18-24தான். வெறும் 'க்ளாஸ் 2'ன்னு போட்டு வித்தா வாங்கறவங்க எதை நம்பறது? எங்க அம்மாவுக்கு ஆன்லைன்ல வாங்கினதும் இப்படித்தான், 'மெடிக்கல் கிரேடு'ன்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு, அழுத்த நம்பரே கிடையாது. சாயங்காலம் கழட்டிப் பார்த்தா முழங்காலுக்குக் கீழ மட்டும் செவசெவன்னு எலாஸ்டிக் தடம், கணுக்கால்ல ஒரு கோடு கூட இல்ல, வீக்கம்தான் கூடிப்போச்சு. நம்பர் இல்லாத டப்பா வேண்டாம், டாக்டர் சீட்டுலயும் நம்பரை எழுதச் சொல்லுங்க. காலைல வீக்கம் ஏறும் முன்ன கணுக்கால்ல ஒல்லியான இடம், கெண்டைக்கால்ல பருத்த இடம், குதிகால்ல இருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் நீளம்னு மூணையும் அளக்கணும். டேப்பே எடுக்காத கடைல வாங்காதீங்க.

கே: ஆபரேஷனப்போ ஆஸ்பத்திரில குடுத்த வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் சும்மா கிடக்கு, அதையே புண்ணுக்குப் போடலாமா? (கரூர்)

ப: கூடாது. அது படுக்கைல இருக்கறவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க.

கே: அப்பாவுக்கு 15 வருஷமா சுகர். பாதத்துல புண்ணு, கட்டைவிரல் கொஞ்சம் கறுத்திருக்கு. ஆஃபர்ல 30-40 அழுத்தத்துல ஒரு ஜோடி ஆர்டர் போட்டுட்டேன். சரிதானே? (ஓசூர்)

ப: இல்ல, முதல்ல கேன்சல் பண்ணுங்க. யாரைக் கேட்டு ஆர்டர் போட்டீங்க? விரல் கறுக்குதுன்னா காலுக்கு ரத்தம் இறங்கலன்னு சந்தேகப்படணும், அந்தக் காலை இறுக்கினா இருக்கற ரத்தமும் நின்னு விரலையே எடுக்கற நிலைமை வரும். இன்னைக்கே ரத்தக்குழாய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. டாப்ளர்ங்கற ரத்த ஓட்டம் பார்க்கற கருவியை வச்சு கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்துப் பார்ப்பாங்க, 0.8க்குக் கீழ போனா பெரிய டாக்டர் சொல்லாம இறுக்கவே கூடாது. சுகர்காரங்களுக்கு குழாய் கெட்டியாகி அந்த நம்பரே பொய்யா கூடுதலா காட்டும், அதனால நீங்களா முடிவெடுக்காதீங்க. டிஸ்கவுன்ட்ட பார்த்து வாங்கற சாமானா இது?

கே: வெரிகோஸ் புண்ணுக்கு வாராவாரம் நாலு அடுக்கு அழுத்தக் கட்டு போட டவுனுக்குப் போக முடியல. ஸ்டாக்கிங்ஸ்ல ஆறாதா? (பட்டுக்கோட்டை)

ப: ஆறலாம். 2014ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த பிரிட்டிஷ் ஆய்வுல ரெண்டு அடுக்கு ஸ்டாக்கிங்ஸையும் நாலு அடுக்கு கட்டையும் ஒப்பிட்டாங்க, ரெண்டுலயும் ஆற கிட்டத்தட்ட மூணு மாசம்தான். ஆனா புண்ணுல நீர் நிறைய வடிஞ்சா கட்டுதான் சரி, டாக்டர்கிட்ட இதைச் சொல்லியே கேளுங்க.

கே: புண்ணு ஆறிடுச்சு, இனிமேலும் போடணுமா? (ஆம்பூர்)

ப: போடணும், விட்டா திரும்ப வரும். ரெண்டு ஜோடி வாங்கி மாத்தி மாத்தி போடுங்க, கையால துவைச்சு நிழல்ல காயவைங்க, 3லிருந்து 6 மாசத்துல இழுவை போயிடும், புதுசு வாங்கிடுங்க.