மழைக்கு முன் ஊராட்சியின் கையில் என்ன இருக்கிறது? கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு ஊராட்சித் தலைவர்கள், செயலர்கள், வார்டு உறுப்பினர்கள், ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள் இவை. தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சி என்றால், ‘தலைவர்’ என்று வரும் இடத்தில் தனி அலுவலர் என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சித் தலைவர், நாகை மாவட்டம்: புயல் எச்சரிக்கை வந்ததும் கடலோரக் குப்பத்தைக் காலி செய்யச் சொல்லி நானே உத்தரவு போடலாமா?

எடுத்துச் சொல்லலாம், அழைத்துப் போகலாம். கட்டாயப்படுத்த முடியாது. ஒரு பகுதிக்குள் ஆட்கள் நுழைவதையும் வண்டிகள் போவதையும் தடுக்கும் அதிகாரத்தை 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34-வது பிரிவு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத்தான் தருகிறது. அதன் தலைவர் கலெக்டர். தனியார் வண்டியை மீட்புப் பணிக்கு எடுத்துக்கொள்ளும் 65-வது பிரிவும் மாநிலச் செயற்குழு, மாவட்ட ஆணையம், அவை அதிகாரம் கொடுத்த அலுவலர் போன்றவர்களுக்கே. உங்களுக்கு உரியது 41-வது பிரிவு: பணியாளர்களுக்குப் பயிற்சி, தளவாடங்கள் தயார்நிலை, மாவட்டத் திட்டப்படி நிவாரணப் பணி.

அதற்காகச் சும்மா உட்கார வேண்டாம். வானிலைத் துறை சுமார் 72, 48, 24, 12 மணி நேரம் முன்பாக நான்கு கட்டமாக எச்சரிக்கும். 48 மணி கட்டத்திலேயே தெருவாரிப் பட்டியலைக் கையில் எடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர், நிறைமாத கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஆகியோரை 24 மணி கட்டத்துக்குள் நகர்த்திவிட வேண்டும். காற்று ஏறிய பிறகு ஆம்புலன்ஸ் வராது.

வார்டு உறுப்பினர், திருவாரூர் மாவட்டம்: எங்கள் பள்ளிக்கூடத்தில் 300 பேர் தங்கலாம் என்று பேரிடர் திட்டத்தில் எழுதியிருக்கிறார்களே, சரியா சார்?

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச அளவு ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 20-க்கு 20 அடி வகுப்பறை சுமார் 37 சதுர மீட்டர், அதாவது பத்துப் பேர். ஆறு அறை இருந்தால் 60 பேர். ஓர் இரவு நெருக்கி உட்காரலாம், மூன்று நாள் முடியாது. 30 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். 300 பேருக்குப் பத்து. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், ஆக 900 லிட்டர். மீதிப் பேருக்குக் கல்யாண மண்டபம், கூட்டுறவுக் கிடங்கு என்று இப்போதே பேசி, உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக் கட்டடங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். தலைமை ஆசிரியர் டவுனில் குடியிருப்பார், ராத்திரி பதினொரு மணிக்குப் பூட்டை உடைக்க வேண்டிவரும். மாற்றுச் சாவி ஒன்று விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்), ஒன்று ஊராட்சிச் செயலரிடம்.

ஓஎச்டி (மேல்நிலை நீர்த்தொட்டி) ஆபரேட்டர், புதுக்கோட்டை மாவட்டம்: கரண்ட் போனால் வாடகை ஜெனரேட்டர் போதுமா? 5 எச்பி நீர்மூழ்கி மோட்டார், த்ரீ பேஸ்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது உங்கள் பக்கத்திலும் டெல்டாவிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தும் ஏற்ற வழியில்லாமல் ஊர்கள் தவித்தது அதனால்தான்.

5 எச்பி என்பது 3.7 கிலோவாட். அதைப் பார்த்து 5 கேவிஏ ஜெனரேட்டரைக் கொண்டுவந்தால் மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடும். நேரடி ஸ்டார்ட்டரில் துவக்க மின்னோட்டம் 5, 6 மடங்கு ஏறும். 12.5 முதல் 15 கேவிஏ வரை கேளுங்கள், த்ரீ பேஸ் என்று சொல்லிக் கேளுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் பேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஜெனரேட்டரை அணைத்துவிட்டு மூன்றில் ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (ஒரு நேரத்தில் லைன் அல்லது ஜெனரேட்டர் ஒன்றை மட்டும் இணைப்பது) இல்லாமல் இணைக்கவே கூடாது. மின்சாரம் பின்னால் லைனுக்குப் போனால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிர் போகும்.

அதே ஆபரேட்டர்: வெள்ளத்துக்குப் பிறகு பிளீச்சிங் எவ்வளவு?

புது மூட்டை 33 சதவீதக் குளோரின் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்). பிரித்து வைத்த மூட்டை வீரியம் குறையும், அதனால் 4 கிராம் என்று கணக்கு வையுங்கள்: 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரைத் தொட்டி நிரம்பும்போது ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டு, கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப்பால் (குளோரின் அளவு பார்க்கும் கருவி) பாருங்கள். குறைந்தது 0.2 பிபிஎம் இருக்க வேண்டும்; வெள்ள நேரத்தில் 0.5 இருந்தால் நல்லது. தொட்டிக்குக் கீழேயே சோதித்து எழுதும் பதிவேட்டால் பயனில்லை.

ஊராட்சிச் செயலர், கடலூர் மாவட்டம்: போன வருடம் ராத்திரி ஜேசிபி வைத்து மரம் அகற்றினோம். பில்லுக்கு இன்னும் அலைகிறேன் அண்ணா.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. மழை பெய்தாலே டெண்டர் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16-வது பிரிவு விலக்கு, அரசு பேரிடர் என்று அறிவித்த காலத்துக்கு. உடனடிக் கொள்முதலுக்கு இடம் தரும் பேரிடர் சட்டத்தின் 50-வது பிரிவுக்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். வாய்மொழி உத்தரவு தணிக்கையில் நிற்காது. தாசில்தாரோ பிடிஓவோ (வட்டார வளர்ச்சி அலுவலர்) போனில் சொன்னால், ‘தாங்கள் இத்தனை மணிக்குச் சொன்னபடி’ என்று அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஊராட்சிகள் சட்டத்தின் 203-வது பிரிவில் கலெக்டர் அவசர வேலைக்கு எழுத்தில் உத்தரவிட்டால், செலவை ஊராட்சி நிதியிலிருந்து முன்னுரிமையாகக் கொடுக்கச் சொல்லலாம். அந்தக் கடிதம் இருந்தால் கவலை இல்லை.

செப்டம்பரிலேயே மூன்று பேரிடம் மணிக்கணக்கு வாடகைக்கு விலைப்புள்ளி வாங்கி, பகல் விலை, இரவு விலை, டீசல் யாருடையது என்பதோடு தீர்மானம் போடுங்கள். வேலை நாளில் வண்டியின் மணி மீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் படம் எடுங்கள். இடம், வேலை, டிரைவர் கையெழுத்து, வார்டு உறுப்பினர் கையெழுத்து எல்லாம் ஒரே தாளில். ‘ஜேசிபி 14 மணி நேரம்’ என்று மொத்தமாக ஒரு வரி எழுதிய பில்தான் திரும்பி வரும்.

விவசாயி, செங்கல்பட்டு மாவட்டம்: ஏரி நிரம்பி ஊருக்குள் தண்ணீர் வருகிறது. ரோட்டை வெட்டி விடலாமா?

கூடாது. அடுத்த ஊரில் அடிதடியில் முடியும், வழக்கும் வரும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. ஏரிக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளரின் எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் தண்ணீர் தேங்குவது பாலத்துக் கண்ணில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால். ஆளை இறக்காதீர்கள், அடைப்பு விடும்போது உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். கரையிலிருந்து இயந்திரக் கையால் எடுக்க வேண்டும்.

கரையில் நீர் கொப்பளித்தால் அந்த ஓட்டையை அடைக்காதீர்கள், வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி உள்ளே நீர்மட்டத்தை ஏற்றுங்கள். மண் கலங்கி வருவது நின்று தெளிந்த நீர் வந்தால் போதும். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்ப வேண்டும். புடைத்த மூட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

அவரே: பக்கத்துப் பட்டா நிலத்தில் மரம் சாய்ந்து நிற்கிறது.

உரிமையாளருக்கு ஊராட்சி அறிவிப்பு கொடுக்கலாம். மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 152-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 133) நிர்வாக நடுவர் உத்தரவிடுவார். மின்கம்பியில் தொட்டிருந்தால் முதலில் மின்வாரியம்.

குடியிருப்பவர், தூத்துக்குடி மாவட்டம்: குடிசை போய்விட்டது, இரண்டு ஆடும் செத்தது. தலைவர் எழுதிய சான்று போதுமா?

போதாது. கணக்கெடுப்பது வருவாய்த்துறை, விஏஓ வழியாக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு உயர்த்தி அறிவித்த அளவு குடிசைக்கு 8,000 ரூபாய், ஆட்டுக்கு 4,000, மாட்டுக்கு 37,500; இப்போதைய அளவை விஏஓவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். குடிசையை ஒழுங்குபடுத்தும் முன் நான்கு பக்கமும் படம், அதில் நீங்களும் நிற்க வேண்டும். விஏஓ வரத் தாமதமானால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ல் சொல்லி, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.